சமவாய்ப்பு எண்

திருத்துறைப்பூண்டி பேருந்து நிலையத்துக்கு எதிரே
பக்கிரிசாமி அண்ணனின் கணினி மையம்.
மணிக்கு முப்பது ரூபாய் என்று எழுதிய அட்டையில்
கவுன்சிலிங் மாதத்தில் மட்டும்
ஐம்பது என்று காகிதம் ஒட்டியிருக்கும்.

என் கட்ஆஃப் நூற்று எண்பத்தேழு புள்ளி ஐந்து.
ஜெசிமாவுக்கும் அதேதான்.
வேதியியலில் நான் இரண்டு கூட,
கணக்கில் அவள் ஒன்று கூட.
கணக்கைத்தான் முதலில் பார்ப்பார்களாம்.
அதனால் தரவரிசையில்
அவளுக்கும் எனக்கும் நடுவே நூற்றுப் பதினாறு பேர்.

அவர்களைப் பஸ்ஸில் ஏற்றிப் பார்க்கிறேன்.
இரண்டு பஸ் நிறைந்து
படிக்கட்டிலும் தொங்குகிறார்கள்.
ஜெசிமா முதல் பஸ்ஸில், ஜன்னலோரம்.
நான் இன்னும் நிறுத்தத்தில்.

விண்ணப்பித்த எல்லாருக்கும்
பத்து இலக்கத்தில் ஓர் எண் கொடுத்தார்கள்.
சமவாய்ப்பு எண்.
என்னுடையதில் நான்கு ஏழு இருந்ததில்
அம்மாவுக்கு ரொம்பச் சந்தோஷம்.
"இது ஒண்ணுத்துக்கும் ஆவாது தங்கச்சி.
கணக்கு, பிசிக்ஸு, மொத்தம், எல்லாம் ஒண்ணாயி
பொறந்த தேதியும் ஒண்ணா இருந்தாத்தான்
இதை எடுத்துப் பாப்பாங்க."

அப்படியானால் எங்கோ ஒருத்தி இருக்க வேண்டும்,
ஓசூரிலோ ஓமலூரிலோ.
நான் பிறந்த அந்த ஐப்பசி மழையில் அவளும் பிறந்து
நான் விட்டுவிட்ட அதே தொகையீட்டுக் கணக்கை
அவளும் கடைசி ஐந்து நிமிடத்தில் விட்டுவிட்டு.
அவள் ஒருத்தியோடுதான் எனக்குச் சமவாய்ப்பு.
மற்ற எல்லாரோடும்
வேறு ஏதோ.

அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர்.
முள்ளியாற்று ரெகுலேட்டரில் ஷட்டர் ஏற்றி இறக்குவார்.
"போன வருசம் கிண்டியில எத்தனையோட மூடுனாங்க?"
என்று கேட்டார், எத்தனை கன அடி என்பது போல.
சொன்னேன்.
சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டார்.
கல்லணையில் திறப்பது எவ்வளவு,
கடைமடைக்கு வந்து சேர்வது எவ்வளவு என்று
தினமும் நோட்டில் எழுதுகிறவரிடம்
விளக்குவதற்கு என்ன இருக்கிறது.

ஆனாலும் முதல் விருப்பமாகக் கிண்டியைத்தான் போட்டேன்.
போடுவதற்குக் காசா பணமா.
நாற்பத்தொன்றாவதாக, அம்மாவுக்காக, திருக்குவளை.
காலையில் போனால் விளக்கு வைக்க வந்துவிடலாம்.
நடுவில் இருக்கும் முப்பத்தொன்பதையும்
மேலே தள்ளிக் கீழே தள்ளி
மூன்று நாள்.
கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்று
ஒன்பதிலிருந்து நான்குக்கு ஏறி
விடுதிக் கட்டணம் பார்த்ததும்
பதினேழுக்கு இறங்கியது.

இன்று ஐந்து மணிக்குள் பூட்ட வேண்டும்.
மணி நாலே முக்கால்.
ஓடிபி அப்பாவின் போனுக்குப் போய்விட்டது.
இரண்டாம் தடவைதான் எடுத்தார்.
பின்னால் ஒரே இரைச்சல்.
இந்த வருசத் தண்ணீர் வந்து மூன்றாம் நாள்,
எல்லா ஊர்க்காரர்களும் அங்கேதான் நிற்பார்கள்.

"கண்ணாடி கொண்டாரல தையு, இரு."
போனைக் காதிலிருந்து எடுத்து
கை எட்டும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்து
திரும்பக் காதுக்குக் கொண்டுவந்து
ஒவ்வோர் எண்ணாகக் கத்துகிறார்,
அளவுகோல் பார்த்து
ஆபீஸுக்கு அளவு சொல்லும் அதே குரலில்.
மூணு.
எட்டு.
எட்டு.
சைபர்.
ரெண்டு.

கடைசியாக "ஆறு" என்றது கேட்டது.
அதோடு சேர்த்து வேறு என்னவோ சொன்னார்,
யாரிடமோ.
எண்ணைச் சொன்னாரா
காலடியில் ஓடுவதைச் சொன்னாரா.

"அப்பா, நம்பரா?"
இரைச்சல்.
பக்கிரிசாமி அண்ணனின் விரல்
கீபோர்டுக்கு மேலே நிற்கிறது.
திரையில் இருபத்திரண்டு விநாடி,
இருபத்தொன்று.

"ஆறுதான்" என்கிறார் அப்பா.
"ஆறுதான் தையு, போடு."